அந்த இன்னொரு கட்டத்திலும் டிக் போடுங்கள்

கைப்பேசி விளையாட்டு செய்த இளைஞர் யாராவது அதைக் காட்ட வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "எந்தப் போனில ஓட்டிப் பார்த்தீங்க?" பெரும்பாலும் கையில் இருக்கும் போனைத் தூக்கிக் காட்டுவார்கள். போன வருடமோ அதற்கு முந்தைய வருடமோ வாங்கியது, 8 ஜிபி நினைவகம். அதில் விளையாட்டு எங்கும் தடங்காமல் ஓடும். அதே விளையாட்டை ஆட ஆசைப்படும் திங்கள்சந்தைப் பிள்ளையின் கையில் இருப்பது வேறு போன். 1 ஜிபியோ 2 ஜிபியோ உள்ள, 32 பிட் ஆண்ட்ராய்டு போட்ட பழைய போன். அதில் ஓடுமா என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப யாருட்ட இருக்கு அக்கா?" என்பார்கள். நிறையப் பேரிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பிழைப்பே இதில்தான். காலை ரயிலில் கழக்கூட்டம் போய் இறங்கி, டெக்னோபார்க்கில் வேலை பார்த்து, இரவில் நாகர்கோவில் திரும்பும் குமரி மாவட்டத்துக் கூட்டத்தில் நானும் பல வருடம் ஒருத்தி. பிறகு வீட்டோடு வந்துவிட்டேன். இப்போது வெட்டூர்ணிமடத்தில் இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து, மற்றவர்கள் செய்த விளையாட்டுகளை வெவ்வேறு சிப்புக்கும் போனுக்கும் ஏற்றபடி சரிசெய்து கொடுக்கிறோம். தொழிலில் இதற்குப் போர்ட்டிங் என்று பேர். எங்கள் சொந்த முயற்சியாகச் சிறு பிள்ளைகளுக்கான ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டும் உண்டு.

இந்த மாவட்டத்தில் போன் ஒரே கையில் நிற்பதில்லை. வளைகுடாவில் இருக்கும் அப்பா புதுசு வாங்கினால் பழையது அம்மாவுக்கு வரும். அம்மாவுக்கு வேறொன்று கிடைத்தால் அது பிள்ளைக்குப் போகும். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் கடலுக்குப் போகிற வீடுகளில், குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிற வீடுகளில், பிள்ளை கைக்கு வரும் போன் ஏற்கெனவே இரண்டு பேர் உழைத்து முடித்த போன். வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் பழைய போன் விற்கும் கடைகளுக்கு மாணவர் கூட்டம் வருவது பள்ளி திறக்கிற சமயத்தில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நிறைந்த மாவட்டம். அவர்கள் கையில் இருக்கும் கருவி மட்டும்தான் பழசு.

வடசேரிக் கடை ஒன்றில் உதிரிப் பாகம் வாங்க நின்றபோது ஓர் அம்மாவும் பையனும் வந்தார்கள். "அண்ணா, இதுல கேம் எறங்கல்ல. போனு கெட்டுப்போச்சா, என்னாண்ணு பாருங்க" என்றார் அம்மா. கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "போனு நல்லாத்தான் இருக்கு மக்கா" என்று பையனிடமே சொன்னார். அவன் விடவில்லை. "வகுப்புல எல்லாருக்கும் எறங்குது. எனக்கு மட்டும் எறங்க மாட்டேங்கு." பிளே ஸ்டோரில் தேடினால் அந்த விளையாட்டின் பேரே வரவில்லை. நண்பன் ப்ளூடூத்தில் அனுப்பிய கோப்பைத் தட்டினால் ஆப் நிறுவப்படவில்லை என்று ஒரு வரி. காரணம் எதுவும் சொல்லாது. தன் போனில்தான், தன் வீட்டில்தான் ஏதோ குறை என்று அந்தப் பையன் நினைத்துக்கொண்டு போயிருப்பான். குறை போனில் இல்லை. விளையாட்டைக் கட்டியவர் கணினியில் ஒரு கட்டத்தில் டிக் போடாமல் விட்டிருக்கிறார்.

அது என்ன கட்டம் என்று சொல்கிறேன். விளையாட்டை நாங்கள் எழுதுவது மனிதருக்குப் புரியும் நிரல்மொழியில். போனுக்குள் இருக்கும் சிப்புக்கு அது புரியாது. சிப்பின் கட்டளைகளாக அதை மாற்ற வேண்டும், சிப்புக்குச் சிப்பு அந்தக் கட்டளைகள் மாறும். விளவங்கோட்டுக்காரர் பேச்சும் அகஸ்தீஸ்வரத்துக்காரர் பேச்சும் ஒரே தமிழானாலும் வேறு வேறாக ஒலிப்பதுபோல, ஆர்ம் என்ற ஒரே குடும்பத்துக்குள்ளேயே 32 பிட்டுக்கு ஒரு பேச்சு, 64 பிட்டுக்கு ஒரு பேச்சு. இன்டெல் சிப் வேறு குடும்பம், வேறு மொழி. ஆண்ட்ராய்டு செயலியின் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே லிப் என்றொரு கோப்புறை இருக்கும். அதற்குள் ஒவ்வொரு சிப் வகைக்கும் தனித்தனி அறை. உங்கள் போனின் சிப்புக்கான அறை அங்கே இல்லையென்றால் விளையாட்டு இறங்காது. யூனிட்டி போன்ற, விளையாட்டு கட்டும் மென்பொருளில் இந்த அறைகளை உண்டாக்குவது ஆர்ம்வி7, ஆர்ம்64 என்று பேர் போட்ட இரண்டு சின்னக் கட்டங்கள். இரண்டிலும் டிக் போட்டால் இரண்டு வகைப் போனுக்கும் போகும். முதலாவதை எடுத்துவிட்டால் 32 பிட் போன் வைத்திருக்கும் பிள்ளைகள் மொத்தமாக வெளியே.

சிப் மாறியதால் விளையாட்டு தடுமாறுவது இந்தியச் சந்தைக்குப் புதிய அனுபவம் இல்லை. உலகிலேயே இன்டெல் சிப்போடு கடைக்கு வந்த முதல் ஸ்மார்ட்போன் இந்தியாவில்தான் வந்தது. 2012 ஏப்ரலில் லாவா நிறுவனம் விற்ற சோலோ எக்ஸ்900. இரண்டு வருடம் கழித்து ஏசஸ் நிறுவனத்தின் சென்ஃபோன் 4, 5, 6 மூன்றும் இன்டெல் ஆட்டம் சிப்போடு வந்தன. முதல் இரண்டும் பத்தாயிரத்துக்குள் கிடைத்ததால் நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் வாங்கினார்கள். அன்றைய விளையாட்டுகள் ஆர்முக்காகக் கட்டப்பட்டவை. அவற்றை இன்டெல் சிப்பில் ஓட்ட ஹவுடினி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைப் போனுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டளையையும் அந்தந்த நேரத்தில் மாற்றிக் கொடுக்கிற வேலை அதற்கு. சாதாரணச் செயலிக்கு அது போதும். முப்பரிமாண விளையாட்டு என்றால் போன் சூடேறும், படம் திக்கும், பேட்டரி மளமளவென்று இறங்கும். இன்டெல்லுக்கென்று தனி அறை வைத்துக் கட்டிய விளையாட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. 2016 ஏப்ரலில் இன்டெல் அந்த போன் சிப் வரிசையையே கைவிட்டது. நிறுவனம் விலகிய பிறகும் போன்கள் கைகளில் பல வருடம் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்து வந்தது 64 பிட். ஆப்பிள் 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் மூலம் 64 பிட் சிப்பைப் போனுக்குக் கொண்டுவந்தது. நான்கே வருடத்தில், 2017 செப்டம்பரில், ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகளை ஒரேயடியாக நிறுத்திவிட்டது. தனி ஆளாகச் செய்த பழைய நல்ல விளையாட்டுகள் எத்தனையோ, திருத்திக் கட்ட ஆளில்லாமல் அதோடு மறைந்தன. கூகுள் அந்த வழியில் போகவில்லை. 2019 ஆகஸ்ட் 1 முதல் புதிதாக வருகிற, புதுப்பிக்கப்படுகிற செயலிகளில் 64 பிட் அறையும் இருக்க வேண்டும் என்றது. பழைய யூனிட்டியில் செய்த விளையாட்டுகளுக்கு 2021 ஆகஸ்ட் வரை தவணை கொடுத்தது. அதன்பின் 64 பிட் அறை இல்லாத செயலிகளை 64 பிட் போன்களுக்குக் காட்டுவதையே நிறுத்தியது. கூகுள் கேட்டது 64 பிட்டையும் சேர்க்க வேண்டும் என்பதை மட்டுமே. 32 பிட்டை எடுத்துவிடச் சொல்லி அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. எடுத்தவர்கள் நாங்கள், விளையாட்டு கட்டுகிறவர்கள்.

ஏன் எடுத்தோம் என்று தொழிலில் உள்ளவர்களிடம் கேட்டால் காரணங்கள் வரும். ஒவ்வொன்றையும் நானும் கேட்டிருக்கிறேன்.

முதலில் சொல்வது அளவு. இரண்டு அறை வைத்தால் செயலி பெருத்துவிடும், டேட்டா செலவாகும் என்பார்கள். ஒரு காலத்தில் இது நியாயம். 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகளைப் பிளே ஸ்டோருக்கு ஆப் பண்டில் என்ற வடிவில்தான் அனுப்ப வேண்டும். எல்லா அறைகளையும் கூகுளிடம் கொடுத்துவிடுகிறோம். பதிவிறக்குகிறவரின் போனுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கூகுள் பிரித்து அனுப்புகிறது. 64 பிட் போன்காரருக்கு 32 பிட் அறை ஒரு கேபிகூடப் போவதில்லை. அளவைக் காரணம் காட்டுகிறவர் இப்போது பழைய பாடத்தை ஒப்பிக்கிறார்.

அடுத்தது நேரம். இதில் உண்மை இருக்கிறது. யூனிட்டியில் 64 பிட்டுக்குக் கட்ட வேண்டுமென்றால் சி ஷார்ப்பில் எழுதிய நிரலை முதலில் சி பிளஸ் பிளஸ்ஸாக மாற்றி, பிறகு ஒவ்வொரு சிப் வகைக்கும் தனித்தனியாகக் கட்டளையாக்க வேண்டும். இரண்டு வகை என்றால் அந்தக் கடைசி வேலை இரண்டு மடங்கு. பழைய மடிக்கணினியில் செய்கிறவருக்கு அது மதியச் சாப்பாட்டைத் தாண்டி ஓடும். ஆனால் தினம் தினம் செய்கிற வேலையல்ல அது. சோதனைக்கு ஒரு வகையில் கட்டிக்கொண்டு, வெளியிடும் அன்று இரண்டிலும் கட்டினால் போதும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பெரிய விளையாட்டுகளுக்கு நினைவகம் ஒரு தடை. 32 பிட் நிரலால் 4 ஜிபிக்கு மேல் முகவரி எண்ணவே முடியாது. பெரிய போர்க்கள விளையாட்டுக்காரர் அதைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். சொல் விளையாட்டும் புதிர் விளையாட்டும் கணக்கு விளையாட்டும் செய்கிறவர் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. மலிவு போன் வைத்திருப்பவர் விளையாட்டுக்குள் காசு செலவழிப்பதில்லை. அவர் போனில் விளையாட்டு நின்றுபோனால் ஒற்றை நட்சத்திரம் மட்டும் போடுவார். கூகுளும் இதைக் கணக்கில் வைக்கிறது. நாளொன்றுக்கு விளையாடுகிறவர்களில் 1.09 சதவீதத்துக்கு மேல் செயலி முறிந்தால், அல்லது ஏதாவது ஒரு போன் மாடலில் மட்டும் 8 சதவீதத்தைத் தாண்டினால், கடையில் அந்தச் செயலி கண்ணில் படுவது குறையலாம். விதி நல்ல எண்ணத்தில் வந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிறிய நிறுவனம் இதற்குக் கண்டுபிடித்த எளிய வழி, முறிகிற போனைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவது. செயலி வெளியிடுகிறவர்களுக்கான பிளே கன்சோலில் இத்தனை ஜிபிக்குக் கீழே உள்ள போனுக்குக் காட்டாதே என்று ஒரு விதி எழுதிவிடலாம், வேலை முடிந்தது. பிழை அங்கேயே இருக்கும், பிள்ளை மட்டும் காணாமல் போய்விடும்.

பழைய போன் என்றால் பத்து வருடப் போன் என்று நினைக்க வேண்டாம். 2015இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஜே2 போன்றவற்றின் சிப்பே 32 பிட்தான், சரி. அதற்கு வெகுகாலம் பின்பு, 64 பிட் சிப்பையே வைத்துக்கொண்டு 32 பிட் ஆண்ட்ராய்டைப் போட்டு விற்ற மலிவு போன்களும் உண்டு. 64 பிட்டில் ஒவ்வொரு நினைவக முகவரிக்கும் 8 பைட் வேண்டும், 32 பிட்டில் 4 போதும். 2 ஜிபி மட்டுமே உள்ள போனில் அந்தச் சேமிப்பு பெரிசு, அதனால் அப்படிச் செய்தார்கள். பெட்டியின் மேல் எட்டு கோர் 64 பிட் என்று அச்சடித்திருக்கும், உள்ளே 64 பிட் விளையாட்டு இறங்காது. எட்டு கோர் என்ற வார்த்தையை நம்பியும் மோசம் போகக் கூடாது. எட்டும் சிறிய கோர்களாக இருந்தால், விளையாட்டின் முக்கிய வேலை அதில் ஒன்றின் தலையில்தான் விழும். படம் வரைகிற பகுதியிலும் அட்ரினோ, மாலி, பவர்விஆர் என்று மூன்று குடும்பம். ஒன்றில் பளிச்சென்று தெரியும் நிழல் இன்னொன்றில் கறுப்புக் கட்டமாக வரும். இவற்றை எல்லாம் வாங்கி வைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

தமிழில் விளையாட்டு செய்கிறவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சிப்பைப் பற்றிப் பேசும் கட்டுரையில் எழுத்துரு எதற்கு என்று தோன்றலாம். இரண்டும் நேராகச் சம்பந்தப்பட்டவை.

யூனிட்டியில் எழுத்துகளைத் திரையில் காட்டப் பரவலாகப் பயன்படுத்துவது டெக்ஸ்ட்மெஷ்புரோ. ஆங்கிலத்துக்கு அருமையானது. தமிழில் தோவாளை என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது, ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் வைத்துவிடும். தோவாளை, கொட்டாரம், தேரூர், பேச்சிப்பாறை என்று நம் ஊர்ப்பெயர்கள் எல்லாம் உடைந்து வரும். படிக்கப் பழகும் பிள்ளைக்கான விளையாட்டில் எழுத்தே தப்பாக வந்தால் அதைவிடக் கெடுதி கிடையாது. இதைச் சரியாக அடுக்கித் தருகிற வேலையைச் செய்வது ஹார்ஃபஸ் என்ற நிரல் நூலகம். ஆண்ட்ராய்டும் குரோமும் பயர்ஃபாக்ஸும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதை விளையாட்டுக்குள் தனியாகச் சேர்ப்பதென்றால், அது சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய நூலகம். எனவே ஒவ்வொரு சிப் வகைக்கும் அதையும் தனித்தனியாகக் கட்டி, அந்தந்த அறையில் வைக்க வேண்டும்.

இங்கேதான் வினை. இந்த நூலகத்தை விளையாட்டோடு இணைக்கும் சேர்ப்பானை (பிளகின்) செய்து கொடுக்கிறவர் 64 பிட்டுக்கு மட்டும் கட்டிக் கொடுத்தால், என்னதான் நாம் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டாலும் 32 பிட் போனில் நூலகம் ஏறாது. சில விளையாட்டுகளில் அதனால் விளையாட்டே நின்றுவிடும். சிலவற்றில் எழுத்து மட்டும் உடைந்து வரும். அதாவது பணக்கார போனில் தமிழ் சரியாக இருக்கும், ஏழை போனில் தமிழ் சிதைந்திருக்கும். என்னால் பொறுக்க முடியாதது இது. வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த விளையாட்டில் இதைப் பார்த்தபோது, அந்த நூலகத்தின் மூல நிரலைத் தேடிப் பிடித்து, 32 பிட்டுக்கு நாங்களே கட்டி உள்ளே வைத்தோம். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால் முடிந்தது. மூடிய நிரலாக இருந்திருந்தால் கையைப் பிசைந்துகொண்டுதான் இருந்திருப்போம்.

எங்கள் சொந்த விளையாட்டுக்கு கோடோ என்ற கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் காரணத்தால்தான். 2023 மார்ச்சில் வந்த அதன் 4ஆம் பதிப்பில் ஹார்ஃபஸ் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்குக் கட்டும்போது ஆர்ம் 32, ஆர்ம் 64, இன்டெல் 32, இன்டெல் 64 என்று நான்கு கட்டமும் கண்ணெதிரே வரும். காசு கிடையாது. யூனிட்டியும் அண்மைப் பதிப்புகளில் இந்திய எழுத்துகளுக்கு வழி செய்யத் தொடங்கியிருக்கிறது, வரவேற்கிறேன். தமிழ்நாட்டில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கற்கத் தொடங்குவதற்கு கோடோவைத்தான் நான் சொல்வேன்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ பேரை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. என்னோடு வேலை செய்யும் இருவரும் அந்தக் கணினியில்தான் முதல் நிரலை எழுதினார்கள். ஆனால் மடிக்கணினியில் இருப்பது இன்டெல் வகைச் சிப். அதில் ஆண்ட்ராய்டு போலிப் போனை (எமுலேட்டர்) திறந்து விளையாட்டை ஓட்டினால், அங்கே வழக்கமாக ஓடுவது இன்டெல் அறையில் உள்ள நிரல். நிஜப் போனில் ஓடப்போவது ஆர்ம் அறையில் உள்ள நிரல். போலிப் போனில் நன்றாக ஓடியது என்பது நிஜப் போனுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதன் திரை சூடாவதில்லை, பேட்டரி இறங்குவதில்லை. நாகர்கோவிலின் மே மாதப் புழுக்கத்தில் பத்து நிமிடம் விளையாடியதும் மலிவு போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறதே, அது மடிக்கணினியில் தெரியாது. கல்லூரிகளில் கைப்பேசிச் செயலி பாடம் நடத்துகிறவர்கள் மதிப்பெண் போடும்முன் ஒரு மலிவு போனில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அது ஒன்றைச் செய்தாலே பாதி மாறும்.

32 பிட் செத்துப்போன தொழில்நுட்பம், அதற்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நம் மாவட்டத்துக்காரரே ஒருவர் 2025 மார்ச்சில் கையில் வாங்கிய சிப்பை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். நாகர்கோவிலை அடுத்த மேலகாட்டுவிளையில் பிறந்த இஸ்ரோ தலைவர் வி. நாராயணனிடம் ஒப்படைக்கப்பட்ட விக்ரம் 3201, ராக்கெட்டின் மின்னணுப் பகுதிக்காகத் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் குறைக்கடத்தி ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது. அது 32 பிட். அதற்கு முன் 2009 முதல் நம் ராக்கெட்டுகளில் பறந்தது 16 பிட் சிப். விண்வெளிக்குச் செல்லும் வேலைக்கு வேண்டியது நம்பகம், எண்ணிக்கை பெரிதாக இருப்பதல்ல. ராக்கெட் சிப்பும் போன் சிப்பும் வேறு வேறு காரியத்துக்கு என்று எனக்குத் தெரியும். எழுத்துகளைப் பொருத்தி மகிழும் ஒரு விளையாட்டுக்கு 32 பிட் போதாது என்று சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

சந்தைக் கணக்கு பேசுகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. இந்தியாவில் பெருங்கூட்டம் விளையாடிய விளையாட்டுகளைப் பாருங்கள். மும்பைப் பக்கம் ஒரு சிறிய குழு செய்து 2016இல் வெளியிட்ட லூடோ கிங் பத்து கோடிப் பதிவிறக்கத்தைத் தாண்டியது. 2022 பிப்ரவரியில் தடை வரும்வரை நம் ஊர்ப் பையன்கள் ஃப்ரீ ஃபயரே கதி என்று கிடந்ததற்கு அது எளிய போனிலும் ஓடியது முக்கியமான காரணம். பப்ஜி நிறுவனம் மலிவு போனுக்கென்றே லைட் என்று தனிப் பதிப்பு வைத்திருந்தது. அவற்றின் உள்ளடக்கத்தை நான் பாராட்டவில்லை. எங்கே கூட்டம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்கிறேன். தமிழ் கற்பிக்கிற, கணக்கு கற்பிக்கிற நல்ல விளையாட்டுகளைச் செய்கிறவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

32 பிட் ஒருநாள் முடியத்தான் போகிறது. கூகுளின் பிக்சல் 7, 2022லேயே 64 பிட் செயலிகளை மட்டும் ஏற்கும் போனாக வந்தது. ஆர்ம் நிறுவனமும் தன் புதிய கோர்களில் 32 பிட்டை விட்டுக்கொண்டே வருகிறது. அதற்குள் அடுத்த கோடு விழுந்தாயிற்று. ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்டு வரும் செயலிகள் நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகக் கையாளும் 64 பிட் போன்களிலும் ஓட வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் கூகுள் விதித்திருக்கிறது. இதுவரை பக்கம் 4 கேபி. பக்கம் பெரிதானால் செயலி சீக்கிரம் திறக்கும், நல்லதுதான். ஆனால் 4 கேபிக்கு அளவெடுத்துக் கட்டிய பழைய நூலகங்கள் அந்தப் போன்களில் ஏறாது, மறுபடி கட்ட வேண்டும். மூல நிரல் கையில் இல்லாத சேர்ப்பானை நம்பி விளையாட்டு செய்தவர் தவிக்கிறார். இப்படி நான்கைந்து வருடத்துக்கு ஒரு கோடு விழும். ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது நம் வேலை, அதைக் கூகுளும் ஆப்பிளும் நமக்காகப் பார்க்காது.

அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பள்ளிக்கல்வித் துறை மணற்கேணி போன்ற செயலிகளைத் தானே வெளியிடும் காலம் இது. இனிமேல் பொதுப்பணத்தில் பிள்ளைகளுக்கு எந்தச் செயலி, எந்த விளையாட்டு செய்யக் கொடுத்தாலும், ஒப்பந்தத்தில் ஆண்ட்ராய்டில் ஓட வேண்டும் என்ற ஒற்றை வரியோடு நிறுத்த வேண்டாம். 32 பிட் ஆர்ம், 64 பிட் ஆர்ம் இரண்டிலும் கட்ட வேண்டும், 2 ஜிபி போனில் தடங்காமல் ஓட வேண்டும், தமிழ் எழுத்து இரண்டிலும் சரியாக வர வேண்டும், சேர்த்த நூலகங்களின் மூல நிரலை ஒப்படைக்க வேண்டும். இந்த நான்கையும் எழுத்தில் வையுங்கள். கூடுதல் செலவு சொற்பம். வாங்கிக்கொள்ளும் அதிகாரி பளபளக்கும் தன் போனில் பார்க்காமல், பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள பள்ளிப் பிள்ளை ஒருவரின் வீட்டுப் போனில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

நம் ஊரிலேயே செய்யக்கூடிய இன்னொன்று, சோதனைப் போன்களுக்கு ஒரு பொது அலமாரி. தனி ஆளாக விளையாட்டு செய்யும் மாணவரால் எல்லா வகைப் போனும் வாங்க முடியாது. நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, கோணத்தில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. எங்காவது ஒரு பூட்டுப் போட்ட அலமாரி, ஒரு பதிவேடு, இரண்டு நாள் கடனுக்குப் போன். மீடியாடெக் சிப் ஒன்று, குவால்காம் ஒன்று, யூனிசாக் ஒன்று, பவர்விஆர் படப்பகுதி உள்ளது ஒன்று, 32 பிட் ஆண்ட்ராய்டு உள்ளவை இரண்டு, முடிந்தால் பழைய சென்ஃபோன் ஒன்று. வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் இவை சும்மா கிடக்கின்றன. அப்படி ஓர் அலமாரியை வைக்க ஏதாவது நூலகமோ கல்லூரியோ முன்வந்தால் என்னிடம் இருப்பவற்றை முதலில் கொண்டுவந்து வைக்கிறேன், மாதத்துக்கு ஒருமுறை வந்து எல்லாவற்றுக்கும் சார்ஜ் போடும் வேலையையும் ஏற்றுக்கொள்கிறேன். கொடுக்க முன்வருகிறவர்கள் தங்கள் கணக்குகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். திரை விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, தொட்டால் வேலை செய்தால் போதும். பேட்டரி உப்பிப்போன போன் மட்டும் ஆபத்து, அதைக் கடையில் மாற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள்.